இல்லாத இழை

“திருத்தினால் திருத்தப்படுவாய்.”

வெள்ளைத் தாளின் நடுவே அச்சிட்ட இரண்டே சொற்கள். அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, மேசையில் கிடந்த மற்ற இரண்டு தாள்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“எழுத்துப் பிழை ஒண்ணுகூட இல்ல,” என்றார்.

“மிரட்டறவங்களும் படிச்சு முன்னேறிட்டாங்க. நம்மதான் அங்கேயே நிக்கறோம்,” என்றான் ரேடியோ.

எதிரே உட்கார்ந்திருந்த பெண் சிரிக்கவில்லை. நாற்பது வயதிருக்கும். மருந்துக் கடை வைத்திருப்பவள். கடையைத் திறக்காமல் நேராக இங்கே வந்திருந்தாள். மடியில் ஒரு மாத்திரை டப்பாவை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அக்கா இருபத்திரண்டு வருடம் ஒரு நாளிதழில் பிழை திருத்தியவர். நிர்வாகம் அந்த வேலையைக் கணினியிடம் ஒப்படைத்த பிறகு, பிழைகளை மனிதர்களிடம் தேட ஆரம்பித்தார். துப்பறியும் நிறுவனம் என்று வாசலில் ஒரு சிறிய பலகை. வருகிறவர்கள் எல்லோருக்கும் அவர் அக்காதான். ரேடியோ அவருடைய உதவியாள்; அதற்கு முன் லிஃப்ட் மெக்கானிக். நடுவில் நின்றுபோன லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்கள் பயப்படாமல் இருக்க வெளியிலிருந்து பேசிக்கொண்டே இருந்து பழகியவன். அந்தப் பழக்கம் விடவில்லை. பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

“அப்பா எப்ப காணாம போனார்?”

“வெள்ளிக்கிழமை. சாப்பிட்டுட்டு ‘வரேம்மா’ன்னு கிளம்பினார். இன்னைக்குச் செவ்வாய். போன் வீட்டிலேயே இருக்கு. இதய மாத்திரையும் எடுத்துட்டுப் போகல.” டப்பாவை லேசாக உயர்த்திக் காட்டினாள். “எழுபத்தி நாலு வயசு மேடம்.”

“போலீஸ்ல—”

“வேண்டாம்.”

கேள்வி முடிவதற்கு முன்பே பதில் வந்துவிட்டது. அக்கா அதைக் குறித்துக்கொள்ளவில்லை. ஆனால் கையிலிருந்த சிவப்புப் பேனா ஒரு கணம் நின்றது.

“இந்தத் தாளெல்லாம் எப்படி வந்துச்சு?”

“கதவுக்கு அடியில செருகிட்டுப் போயிருந்தாங்க. பத்து நாள்ல மூணு.”

“அப்படி எதைத் திருத்தினார், உங்க அப்பா?”

அவள் சொன்னது ரேடியோவுக்கு முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இணையத்தில் ஒரு பெரிய கலைக்களஞ்சியம். அதில் கணினிகளின் வரலாறு பற்றி ஒரு கட்டுரை. ஓய்வு பெற்ற சிஸ்டம் இன்ஜினியரான அவளுடைய அப்பா, மூன்று வருடமாக அந்த ஒரு கட்டுரையை, அதிலும் ஒரே ஒரு பத்தியைத் திருத்திக்கொண்டே இருந்தார். அவர் திருத்துவார். மறுநாள் யாரோ அதை நீக்கிப் பழையபடி வைத்துவிடுவார்கள். அவர் மறுபடி திருத்துவார்.

“எதைப் பத்தின பத்தி?”

“த்ரெட். தமிழ்ல இழைன்னு எழுதுவாங்க. ஒரே புரோகிராம்தான், ஆனா அதுக்குள்ள ரெண்டு மூணு வேலை கூடவே நடக்கும். ஒரு கை அடுப்பைப் பார்க்கும், இன்னொரு கை குழந்தையைப் பிடிச்சுக்கும், அது மாதிரி. தொண்ணூறுக்கு முன்னாடி எந்தக் கணினியிலயும் அது கிடையாதுன்னு கட்டுரை சொல்லுது. அது தப்பு. அறுபதுகள்லயே பெரிய கணினிகள்ல இருந்துச்சு. அப்ப ‘டாஸ்க்’னு சொன்னாங்க. பேருதான் பின்னாடி மாறிச்சு.”

“நூல் விட்டுப் பார்க்கறவனை அடிச்சதாக் கேள்விப்பட்டிருக்கேன். நூலுக்குப் பிறந்த தேதி கேட்டவனை மிரட்டறது இப்பத்தான் கேள்விப்படறேன்,” என்றான் ரேடியோ.

அக்கா மூன்றாவது தாளை எடுத்தார். அது கொஞ்சம் நீளம். “அறுபதுகளிலேயே ஓடியது என்று எழுதினால், நீயும் ஓட வேண்டியிருக்கும்.” தாளின் மூலையில் நடுங்கிய கையெழுத்தில் ஒரு குறிப்பு: வெள்ளி, காலை 10.10.

“இது?”

“அப்பா எழுதினது. எது கைக்கு வந்தாலும் வந்த நேரத்தைக் குறிச்சு வெப்பார். கேஸ் சிலிண்டரானாலும் சரி.”

“வீட்டைப் பார்க்கலாமா?”

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். “சீக்கிரம் போகலாம் மேடம். இன்னைக்கு மூணு மணிக்குள்ள அவரைக் கண்டுபிடிக்கணும்.”

“மூணு மணிக்கு என்ன?”

அவள் ஏற்கெனவே படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

*

மூன்றாவது மாடி. அவள் பூட்டைத் திறந்து உள்ளே போனாள். ரேடியோ வாசலிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டான்.

“என்னடா?”

“கதவுக்கு அடியில ரப்பர் பட்டை அக்கா. நல்லா இறுக்கி ஒட்டியிருக்கு. எறும்பே இங்க டிக்கெட் எடுத்துத்தான் உள்ள போகணும்.”

அக்கா செருப்பு நுனியால் பட்டையைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. பிறகு உள்ளே போனார்.

அப்பாவின் அறையில் கட்டில் ஒரு ஓரமாகத் தள்ளப்பட்டு, சுவர் முழுக்கத் தாள்கள் ஒட்டப்பட்டிருந்தன. ஒரே வாசகம், வேறு வேறு இடங்களிலிருந்து எடுத்தது. கல்லூரிப் பாடநூல் ஒன்று. போட்டித் தேர்வுக் கையேடு ஒன்று. கேள்வி கேட்டால் பதில் சொல்லும் செயலியின் திரையை அப்படியே அச்செடுத்தவை ஏழெட்டு. எல்லாவற்றிலும் அதே வரி: ‘தொண்ணூறுகளுக்கு முன் எந்தக் கணினியிலும் ஒரு நிரலுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட இழைகள் ஓடியதில்லை.’ ஒவ்வொன்றின் கீழும் ஒரு எண். கடைசி எண் நாற்பத்து மூன்று.

அறையில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது போலிருந்தது. ஒரே பொய் நாற்பத்து மூன்று வாயால் சொல்லப்படுவதை ஒரே இடத்தில் பார்ப்பது அவ்வளவு நல்ல அனுபவமில்லை.

அக்கா கணினியைத் திறந்தார். கட்டுரையின் ஒவ்வொரு மாற்றமும் யார் எப்போது செய்தது என்று காட்டும் பக்கம் அதில் திறந்தே கிடந்தது. மூன்று வருடத்தில் ‘பழைய பொறியாளர்’ என்ற பெயரில் அறுபத்தொரு திருத்தங்கள். அறுபத்தொன்றும் நீக்கப்பட்டிருந்தன. நீக்கியவர்கள் வேறு வேறு ஆட்கள். சொன்ன காரணம் மட்டும் ஒன்றுதான்: ‘ஆதாரம் இல்லை. மூன்று புத்தகங்கள் வேறு மாதிரி சொல்கின்றன.’

“புத்தகமே சொல்லுதுன்னா பெரியவர்தான் தப்போ?” என்றான் ரேடியோ.

“புத்தகம் எப்ப வந்துச்சு பாரு. எட்டு வருஷம், ஆறு வருஷம், நாலு வருஷம். கட்டுரையில இந்த வரி ஏறினது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி. புத்தகம் எழுதினவங்க கட்டுரையைப் பார்த்து எழுதியிருக்காங்க. இப்ப கட்டுரை அந்தப் புத்தகத்தையே சாட்சிக்குக் கூப்பிடுது.”

“அவன் சொன்னான்னு இவன், இவன் சொன்னான்னு அவன். சரி, முதல்ல சொன்னவன் யாரு?”

“அதைத்தான் தேடறேன்.”

பட்டியலின் அடிக்குப் போனார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, ‘பார்வையாளர் 7’ என்று ஒரு ஆள். அந்தப் பத்தியை எழுதியிருந்தார். அதற்கு முன்பும் பின்பும் அந்தப் பெயரில் ஒரு எழுத்துகூட இல்லை. ஒரே ஒரு பொய்யைச் சொல்வதற்காகப் பிறந்து, சொன்னதும் செத்துப்போன பெயர்.

அக்கா அந்தப் பத்தியை அச்செடுத்துச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். நான்கு வாக்கியம். முதலாவதன் முடிவில் வட்டம் போட்டார். இரண்டாவதன் முடிவிலும். நான்காவதுக்கு வந்தபோது பேனா மெதுவாகிவிட்டது.

எழுந்து சமையலறைக்குப் போனார். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அப்பாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு. ‘சோப்பு இரண்டு; பல்பு ஒன்று; பால்காரரிடம் சொல்ல வேண்டும்;’

“ரேடியோ, இங்க வா. இதுல என்ன தப்பு?”

“பல்பு ஒண்ணு போதாது. வீடு இருட்டா இருக்கு.”

“முடியற இடத்தைப் பாரு. முற்றுப்புள்ளி எங்க?”

ரேடியோ குனிந்தான். “புள்ளிக்குக் கீழ ஒரு வால் தொங்குது.”

“அரைப்புள்ளி. வாக்கியம் முடிஞ்சா நாம முற்றுப்புள்ளி வெப்போம். இவர் காலமெல்லாம் நிரல் எழுதின மனுஷன். அதுல ஒவ்வொரு வரியும் அரைப்புள்ளியிலதான் முடியும். கை அப்படியே பழகிடுச்சு. அறுபத்தொரு திருத்தத்துலயும் இதே கதைதான்.” கையிலிருந்த தாளை நீட்டினார். “இப்ப இதைப் பாரு. பார்வையாளர் 7.”

நான்கு வாக்கியம். நான்கு வால்.

ரேடியோ சுவரிலிருந்த நாற்பத்து மூன்று தாள்களையும் திரும்பிப் பார்த்தான். “பொய்யைப் பெத்தவரும் இவர்தானா?”

“இவர்தான். பன்னிரண்டு வருஷம் முன்னாடி இவரே எழுதினார். மூணு வருஷமா இவரே அழிக்கப் பார்க்கறார். அது அழிய மாட்டேங்குது. இப்ப அதுக்கு இவரோட தயவு தேவையில்ல.”

பின்னால் எதுவோ கீழே விழுந்தது. வாசற்படியில் மகள் நின்றிருந்தாள். தண்ணீர் கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளர் தரையில் உருண்டு போயிற்று.

“அது உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்லையாம்மா?” என்றார் அக்கா.

அவள் டம்ளரை எடுக்கக் குனிந்தாள்.

“உக்காருங்க. நான் கேக்கறேன். மூணாவது தாள்ல ‘அறுபதுகளிலேயே ஓடியது’ன்னு இருக்கு. அப்பாவோட அறுபது திருத்தத்துல அந்தச் சொல்லே கிடையாது. அறுபத்தொண்ணாவதுலதான் முதல் தடவையா அப்படி எழுதினார். அது நெட்ல ஏறினது வெள்ளிக்கிழமை பதினொண்ணு நாப்பதுக்கு. மிரட்டல் அவர் கைக்கு வந்தது பத்து பத்துக்கு. இன்னும் வெளியில வராத வாக்கியத்தை வெளியாள் எப்படிப் படிச்சான்?”

வெளியே தெருவில் ஒரு ஆட்டோ தொடர்ந்து ஹாரன் அடித்துவிட்டு நின்றது.

“அவர் நெட்ல ஏத்தறதுக்கு முன்னாடி எழுதி மேசையில வெச்சிருந்த கைப்பிரதியைப் படிச்சவங்கதான் எழுதியிருக்க முடியும். கதவுக்கு அடியிலயும் எதுவும் நுழையாது. உள்ளே இருந்தவங்கதான் உள்ளே போட்டிருக்கணும்.”

மகள் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. அதை நான்கு நாளில் தீர்த்துவிட்டாள் போல.

“பயந்து நிறுத்திடுவார்னு நினைச்சேன்,” என்றாள். “அம்மா போனதுக்கு அப்புறம் எனக்கு அவர் மட்டும்தான் மேடம். ஜெயிலுக்குப் போற வயசா இது?”

*

எண்பத்தாறாம் வருடம். குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில், தண்ணீரில் குளோரின் கலக்கும் வால்வு திடீரென்று முழுக்கத் திறந்துகொண்டது. வாயு பரவிப் பதினொரு பேர் செத்தார்கள். வால்வை நடத்தியது கணினி. அதற்கான நிரலை எழுதியவர் அவளுடைய அப்பா. விசாரணையில் அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ‘கணினி ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும், குழம்ப வாய்ப்பே இல்லை, கையால் யாரோ திறந்திருக்க வேண்டும்’ என்றார். அன்று ஷிஃப்ட்டில் இருந்த ஆபரேட்டருக்கு ஒன்பது வருடம் சிறை.

“உண்மையில அதுக்குள்ள ரெண்டு இழை இருந்துச்சு. அப்பாவே வெச்சது. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதிக்கிச்சு. அது அப்பாவுக்கு மறுநாளே தெரியும்.” அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். “பன்னிரண்டு வருஷம் முன்னாடி ஒரு பத்திரிகைக்காரர் பழைய கேஸைத் தோண்டினார். அப்பத்தான் பயந்துபோய் அந்தப் பத்தியை எழுதினார். யாராவது தேடிப் பார்த்தா அதுதான் கிடைக்கணும்னு. பத்திரிகைக்காரர் அதைப் படிச்சுட்டு விட்டுட்டார்.”

“இப்ப மறுபடி விசாரணை.”

“ஆபரேட்டர் மனு போட்டுப் போட்டுத் திறக்க வெச்சிருக்கார். இன்னைக்குத்தான் கடைசி நாள், மூணு மணிக்கு. நிலையத்தோட வக்கீல் கையில அந்த மூணு புத்தகமும் இருக்கு. ‘அந்தக் காலத்துல இழையே கிடையாது, இல்லாத ஒண்ணுல எப்படிப் பிழை வரும்’னு ஒரே வாதம்தான். அப்பாவுக்கு அதைக் கேட்டதுலேர்ந்து தூக்கம் போச்சு. நேர்ல போய்ச் சொல்லிடறேன்னார். மூணு மணிக்குள்ள பிடிச்சுட்டா தடுத்துடலாம்னு பார்த்தேன்.”

“அதனால நீங்க தாள் போட்டீங்க. அவர் காணாம போனார். போலீஸ்ல சொன்னா இவ்வளவும் வெளியில வரும்.”

“அது மட்டும் இல்ல.” அவள் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். “அந்த ஆபரேட்டர் அப்பாவைப் பிடிச்சு வெச்சிருந்தா? ஒன்பது வருஷம் உள்ள இருந்தவர் மேடம். அவருக்கு உண்மை தெரிஞ்சா என்ன செய்வார்?”

அக்கா அப்பாவின் மேசை நாட்காட்டியைக் கையில் எடுத்தார். வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் ஒரே சொல்: ‘கண்ணாடிக்காரர்;’

“அதை நானும் பார்த்தேன். பக்கத்துல இருக்கற மூக்குக் கண்ணாடிக் கடை அஞ்சுலயும் கேட்டுட்டேன். யாரும் பார்க்கலையாம்.”

“அவரோட கண்ணாடி புதுசு. ரசீது இதோ டிராயர்லயே கிடக்கு, போன மாசத் தேதி. அந்த ஆபரேட்டர் ஜெயில்லேர்ந்து வந்து என்ன வேலை செய்யறார்?”

மகள் நாட்காட்டியை வாங்கி அந்தச் சொல்லை மறுபடி பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். “ஜன்னலுக்கு… கண்ணாடி வெட்டித் தர்ற கடை.”

ரேடியோ சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான். மணி ஒன்றேகால்.

*

சந்து குறுகலாக இருந்தது. வண்டி நுழையவில்லை. கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே ஆள் உயரக் கண்ணாடித் தகடுகள் சுவரோடு சுவராகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. குனிந்து நுழைந்த மூன்று பேரும் முப்பது பேராகத் தெரிந்தார்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் பயந்த முகமாகவே இருந்தது. ரேடியோ எதையோ சொல்ல வாயெடுத்தான். காலடியில் கண்ணாடித்தூள் நொறுங்கிய சத்தத்தில் அதை விட்டுவிட்டான்.

உள்ளறையிலிருந்து ‘கிர்ர்’ என்று ஒரு கீறல் சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

“யாரு?”

கேட்டது கடைக்காரக் கிழவர். சின்ன உடம்பு. ஒரு கையில் தோல் உறை. இன்னொரு கையில் கண்ணாடியைக் கீறும் வைரமுனை. அவருக்குப் பின்னால், கம்பளித் துணி விரித்த வெட்டு மேசையில், மகள் தேடிய மனிதர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். நான்கு நாள் தாடி. உதடு வெளுத்திருந்தது.

“அப்பா.”

மகள் முன்னால் ஓடினாள். கண்ணாடிக்காரர் வைரமுனை இருந்த கையை நீட்டி வழியை மறித்தார்.

“மாத்திரை கொண்டாந்திருக்கியா?”

அவள் டப்பாவைக் காட்டினாள்.

“குடு. முதல்ல அதைக் குடு. இவர் மூணு மணிக்கு உசுரோட இருந்தாகணும். அதுக்கப்புறம் அவர் பாடு.”

அந்தக் குரலில் கோபம் இல்லை. அதுதான் ரேடியோவின் முதுகில் சில்லென்று ஏறியது. அக்கா மட்டும் நகராமல் நின்றார்.

“நீங்க இவரைப் பூட்டி வெச்சிருக்கீங்களா?”

“பூட்டே கிடையாதும்மா இந்தக் கடைக்கு.” கண்ணாடிக்காரர் கையைத் தாழ்த்தினார். “வெள்ளிக்கிழமை இவரே வந்தார். நீங்க எந்தத் தப்பும் பண்ணல, பண்ணினது நான்னார். முப்பத்தெட்டு வருஷமா ராத்திரி படுத்தா நான் எனக்கு நானே கேட்டுக்கறது ஒண்ணே ஒண்ணுதான். அன்னைக்கு என் கை அந்த வால்வு மேல பட்டுச்சா, படலையா? கேட்டுக் கேட்டு, ஒரு பக்கம் மனு போட்டுக்கிட்டே, இன்னொரு பக்கம் பட்டுச்சுன்னு நம்ப ஆரம்பிச்சுட்டேன். இவர் வந்து நிதானமா இல்லைங்கறார்.”

“என்ன செஞ்சீங்க?”

“அந்தா அந்தச் சுத்தியலை எடுத்தேன். கொஞ்ச நேரம் கையில வெச்சிருந்தேன். கீழ வெச்சுட்டேன். அப்புறம், செத்த பதினொரு பேரோட பேர் தெரியுமான்னு கேட்டேன். ஒண்ணுகூடத் தெரியல இவருக்கு.”

மேசையிலிருந்தவர் பேனாவை வைத்தார். “ஒண்ணுகூடத் தெரியலம்மா,” என்றார் மகளைப் பார்த்து.

“எனக்குப் பதினொண்ணும் மனப்பாடம். நான் சொன்னா இவர் எழுதிக்கலாம். ஆனா நான் சொல்லல. நீங்களே வீடு வீடாப் போய்க் கேட்டு எழுதுங்கன்னேன். சனி, ஞாயிறு, திங்கள். நான் வழி காட்டினேன், இவர் போய்க் கதவைத் தட்டினார். ஒரு வீட்டுல முகத்துலயே கதவைச் சாத்தினாங்க. ஒரு வீட்டுல உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சுத் தண்ணி குடுத்தாங்க. அங்கதான் இவர் ரொம்ப அழுதார்.”

மகள் அப்பாவின் வாயில் மாத்திரையை வைத்தாள். “ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?”

“பண்ணினா நீ வந்து கூட்டிட்டுப் போயிடுவே.” தண்ணீரை விழுங்கிவிட்டுச் சொன்னார். “கதவுக்கு ரப்பர் ஒட்டினதே நான்தானேம்மா. முதல் தாளைப் பார்த்தப்பவே தெரிஞ்சிடுச்சு. உன்னை எழுத்துப் பிழை இல்லாம வளர்த்ததும் நான்தான்.”

அவள் அவருடைய தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ரேடியோ ஒரு கண்ணாடித் தகட்டைத் தீவிரமாக ஆராய்ந்தான். அதில் எல்லோரும் தெரிந்தார்கள் என்பதால் பார்வையைக் கூரைக்கு மாற்றிக்கொண்டான்.

“மணி ரெண்டாகப் போகுது,” என்றார் அக்கா.

*

விசாரணை அறையில் காற்றாடி சுழன்றும் காற்று இல்லை. நிலையத்தின் வக்கீல் மூன்று புத்தகங்களையும் அடையாளத் தாள் வைத்து அடுக்கி வைத்திருந்தார். விசாரணை அதிகாரி அவற்றைப் புரட்டிக்கொண்டிருந்தார். பெரியவர் எழுந்து நின்று, பையிலிருந்து ஒரு தாள்கட்டை எடுத்தார். பச்சைக் கோடு போட்ட, விளிம்பில் துளைகள் ஓடும் பழைய கணினித் தாள். மடிப்புகளில் கிழிந்து பழுத்திருந்தது.

“எண்பத்தாறுல நான் எழுதின நிரல் இது. எரிச்சிடச் சொன்னாங்க. எரிக்கல. முப்பத்தெட்டு வருஷமா அலமாரியில இருந்துச்சு.”

அதிகாரி வாங்கிப் பார்த்தார்.

“ரெண்டாவது பக்கம். ஒரு டாஸ்க், தண்ணி எவ்வளவு வருதுன்னு ஒரு எண்ணை எழுதும். நாலாவது பக்கம் இன்னொரு டாஸ்க், அதே எண்ணைப் படிச்சு வால்வைத் திறக்கும். ஒண்ணு எழுதி முடிக்கறதுக்குள்ள இன்னொண்ணு படிச்சா, பழைய எண்ல பாதி, புது எண்ல பாதி வரும். நூறு இருக்க வேண்டிய இடத்துல எட்டாயிரம். ஒருத்தர் எழுதும்போது மத்தவர் காத்திருக்கணும்னு நான் ஒரு வரி எழுதியிருக்கணும். எழுதல.”

“புத்தகங்கள் வேற மாதிரி சொல்லுதே,” என்றார் வக்கீல்.

“அந்தப் புத்தகம் எல்லாம் என்னைப் பார்த்து எழுதினதுங்க. அந்த வரியை நெட்ல முதல்ல போட்டவன் நான். அப்படி ஒண்ணு அறுபதுகள்லயே இருந்துச்சுன்னு அந்தக் காலத்துக் கையேடுகளே சொல்லும். பட்டியல் கொண்டாந்திருக்கேன்.”

வக்கீல் மேல் புத்தகத்தைத் திறந்தார். மூடினார். அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

பின்வரிசையில் ரேடியோ அக்காவின் காதோரம் குனிந்தான். “இனிமே ஆதாரம் ஆதாரம்னு கேக்கறவங்களுக்கு இது போதும்ல?”

“கட்டுரைக்குப் போதும். நாற்பத்து மூணு இடத்துக்கும் ஒவ்வொண்ணா எழுதிப் போடணும். பாதிப் பேர் பதில் போட மாட்டாங்க.”

“நான் எழுதறேன் அக்கா. எனக்குப் பேச்சுத் துணை இல்லாம கிடக்கற நாள் நிறைய இருக்கு.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “இதைச் சொன்னா உங்க மேல வழக்கு வரும். பொய்ச் சாட்சிக்கு ஒண்ணு, மத்ததுக்கு ஒண்ணு. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?”

“தெரியும்.”

மகள் குனிந்துகொண்டாள். அதிகாரி நீண்ட நேரம் எழுதினார். பழைய தீர்ப்பு மறுஆய்வுக்கு அனுப்பப்படும் என்றார். கண்ணாடிக்காரர் அதைக் கேட்டு எந்தச் சலனமும் காட்டவில்லை. தனக்குச் சம்பந்தமில்லாத ஊரின் வானிலை அறிக்கையைக் கேட்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

பெரியவர் கடைசியாகக் கையெழுத்தில் எழுதிய ஒரு தாளை நீட்டினார். அதிகாரி அதில் விரலை ஓட்டி எண்ணினார். மறுபடி எண்ணினார்.

“கோப்புல பதினொரு பேர்னு இருக்கு. இதுல பன்னிரண்டு இருக்கே. இந்தக் கடைசிப் பேர் யாரு?”

கண்ணாடிக்காரர் மெதுவாக எழுந்தார்.

“என் சம்சாரம்ங்க. நான் உள்ள போன நாலாவது மாசம். தெருவுல நடந்தா கொலைகாரன் பொண்டாட்டின்னாங்களாம்.” நிறுத்தினார். “நான் எழுதச் சொல்லல. இன்னைக்குக் காலையில இவரா கேட்டார், உங்க வீட்டுல யாரும் இல்லையான்னு.”

அதிகாரியின் குரல் தணிந்தது. “வருத்தமா இருக்குங்க. ஆனா வாயுவால செத்தவங்க பட்டியல்ல இதைச் சேர்க்க எனக்கு வழி இல்ல.”

“வாயுன்னு எழுத வேண்டாம்,” என்றார் பெரியவர். மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “அவங்களும் என் பிழையிலதான் செத்தாங்க. அப்படியே எழுதிக்கோங்க.”

வக்கீல் ஆட்சேபிக்க எழுந்தார். அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி மூடிய பேனாவை மறுபடி திறந்தார். “பேரைச் சொல்லுங்க,” என்றார் கண்ணாடிக்காரரிடம். “நிதானமாச் சொல்லுங்க. எழுத்துக்கூட்டி எழுதிக்கறேன்.”